முதல் மேசைக்கு முதல் ஒயர்

இணைய ஒயர் எந்த மேசைக்கு முதலில் வர வேண்டும் என்று வயதுவந்த ஐந்து ஆண்கள் ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து பேசினார்கள். ஐவரில் நானும் ஒருவன். பேசி முடித்த அபத்தத்தை நல்ல தமிழில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மற்றவர்களைப் பார்த்து நான் மூக்கைப் பிடித்துக்கொள்ளும்போது, நாற்றத்தில் என் பங்கு எவ்வளவு என்பது படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுடையது விவசாயிகள் பங்கு சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனி. விதையும் உரமும் விற்போம். உளுந்தும் நிலக்கடலையும் வாங்குவோம். சம்பாப் பருவத்தில் பயிர்க் காப்பீட்டுக்கு ஆன்லைனில் பதிவு செய்து கொடுப்போம். அன்னவாசலுக்கும் நார்த்தாமலைக்கும் நடுவே, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு பாறைக் குன்றை ஒட்டிப் புதுக் கட்டிடம் கட்டிக் குடிபோனோம். இடம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாறையைப் பார்த்து "ஆஹா" என்றார்கள். செல்போன் கோபுரம் அந்தப் பாறைக்கு மறுபக்கம் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. கட்டிடத்துக்குள் போன் பேச வேண்டுமானால் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை வெளியே நீட்டி, ஸ்பீக்கரில் போட்டு, வீட்டுச் சண்டை உட்பட எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கும்படி பேச வேண்டும். ஆகவே ஒயர் வழியாக வரும் இணையம்தான் எங்களுக்கு மூச்சு.

மேசைகள் ஐந்து. முன் அறையில் தலைவர். கூடத்தில் வரிசையாகச் செயலாளர், மேனேஜர் என்ற பெயரில் நான், குடோன் பொறுப்பாளர். கடைசியில், கழிவறைக் கதவுக்கு நேர் எதிரே, கம்ப்யூட்டர் ஆபரேட்டராக ஒரு பெண். நாள் முழுவதும் இணையம் தேவைப்பட்டது அவர் ஒருவருக்குத்தான். தலைவர் தன் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவார். செயலாளரின் கம்ப்யூட்டர் மேல் துண்டு காயும். குடோன்காரர் அணைந்த திரையில் முகம் பார்த்துத் தலை சீவுவார். நான் உலக நடப்பு படித்துக் கவலைப்படுவேன்.

பல வருடங்களுக்கு முன் புதுக்கோட்டையில் நான் ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவன். அந்தக் குற்றத்துக்காக, நெட்வொர்க் எப்படிப் போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். நானும் பழைய புத்தகத்தைத் தூசி தட்டி இரண்டு நாள் படித்தேன். வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டேன். கூட்டத்தில் விரித்து வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினேன். ஒரே நீள ஒயரில் எல்லா மேசைகளையும் கோத்துக்கொண்டு போகலாம், ஆனால் நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் படுத்துவிடும். ஒவ்வொரு மேசையையும் மற்ற எல்லா மேசைகளோடும் தனித்தனியாகக் கட்டலாம், நம் பக்கத்துச் சொந்தபந்தம் மாதிரி. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சேதி வேறு வழியாகப் போய்விடும், ஆனால் ஒயர் வாங்கி மாளாது. நமக்குச் சரியானது நட்சத்திர அமைப்பு. கூடத்தின் நடுச் சுவரில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் தனி ஒயர். ஒரு மேசை செத்தால் அது மட்டும்தான் சாகும், மற்றவை ஓடும்.

தலைவர் படத்தை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"நடுவுல இருக்கே, இது யாரு?"

"யாருமில்ல தலைவரே. அது வெறும் பெட்டி."

"அதுலருந்து எனக்கு ஒரு ஒயரு."

"ஆமா."

"அந்தக் கம்ப்யூட்டர் பொண்ணுக்கும் ஒரு ஒயரு."

"ஆமா."

"ரெண்டும் ஒரே ஒயரா?"

"ஒரே மாதிரி ஒயரு."

அவர் தாளை மேசையில் வைத்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் ஊர்த் திருவிழாவில் முதல் மரியாதை அவர் குடும்பத்துக்கு. மாலையும் திருநீறும் அவர்கள் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போகும். அது கோயில். அங்கே எது முறை என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் அதே முறையை அவர் ஒரு பிளாஸ்டிக் ஒயருக்குள்ளும் எதிர்பார்ப்பார் என்று என் பழைய புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

"மொதல்ல எனக்கு வரணும் மேனேஜரே. என்கிட்ட வந்துட்டு, என்கிட்டருந்துதான் மத்தவங்களுக்குப் போகணும். அதான முறை?"

"அப்ப ரெண்டாவது எனக்கு," என்றார் செயலாளர், பந்தியில் இடம் போய்விடுமோ என்ற அவசரத்தில்.

மூன்றாவது யாருக்கு என்பதில்தான் பிரச்சினை வந்தது. குடோன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் கம்பெனி ஆரம்பிச்ச அன்னைக்கிருந்து இங்கிட்டுக் கெடக்கேன். இவரு வந்தது போன வருசம். மூனாவது எனக்குத்தான வரும்? நாலாவதுன்னு வெளிய தெரிஞ்சா எங்க ஊருல என்ன நெனப்பாங்க?"

ஒயர் எந்த வரிசையில் போகிறது என்று அவர் ஊரில் விசாரிப்பார்கள் என்று அவர் நிஜமாகவே நம்பினார். தலைவர் யோசித்தார். "மேனேஜரு படிச்ச மனுசன். மூனு அவருக்கு. நீங்க கோவிச்சுக்கக் கூடாது." குடோன்காரர் கோபித்துக்கொண்டார். வந்த டீயைத் தொடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதுவதற்கே அர்த்தமில்லை. மூன்றாம் இடம் எனக்கு என்று சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஜில்லென்று ஒரு சின்ன சந்தோஷம் ஓடியது. அந்த ஜில்லிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது.

அந்தக் கூட்டத்தில் ஐந்தாவது ஆள் ஒயர் போட வந்தவர். கேமராவும் மாட்டுவார், இன்வெர்ட்டரும் பார்ப்பார். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். "செஞ்சிரலாங்கய்யா," என்றார். "மெயின் பொட்டிய ஒங்க ரூமுலயே வச்சிர்றேன். ஒவ்வொரு டேபிளுக்கு அடியிலயும் ஒரு குட்டிப் பொட்டி. இந்த டேபிள்லருந்து அடுத்த டேபிளுக்கு, அதுலருந்து அதுக்கடுத்த டேபிளுக்குன்னு இழுத்துரலாம்."

நான் அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "ஏங்க, தொழில் தெரிஞ்ச நீங்களே இப்படிச் சொல்லலாமா? மொத டேபிள்ல ஒருத்தர் பிளக்கப் புடுங்கினா கடைசி டேபிள் வரைக்கும் போயிருமே?"

அவர் சிரித்தார். "சார், எத்தனையோ எடத்துல ஒயரு இழுத்துட்டேன். புஸ்தகத்துல உள்ளபடி இழுத்தது ஒரு எடம் கெடையாது. ஒரு ஜவுளிக்கடையில, மொதலாளி ரூமுக்குப் போற ஒயரு செருப்பு ஸ்டாண்டு பக்கமா வரக் கூடாதுன்னாங்க. கடையச் சுத்திக் கொண்டாந்தேன். ஒயரு போற வழிய மனுசங்கதான் சார் முடிவு பண்றது. நீங்க ஏன் ஒடம்பக் கெடுத்துக்கிறீங்க?"

கடைசி மேசைக்காரரை யாரும் கேட்கவில்லை. அவர் அந்த நேரத்தில் எங்கள் ஐந்து பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

நெட்வொர்க்கின் வரைபடத்தைக் கோப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. என் நட்சத்திரத்தைக் கிழித்துப் போட்டேன். ஐந்து கட்டங்களை வரிசையாக வரைந்து நடுவே கோடு போட்டேன். ஒரு குழந்தை வரைந்த ரயில் போல் இருந்தது. தலைப்பு வேண்டுமே என்று யோசித்து, "படிநிலை அமைப்பு" என்று எழுதினேன். எழுதியதும் அந்த ரயிலுக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது. தலைவர் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "இதான் மேனேஜரே நான் சொன்னது," என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கூடக் கொஞ்சம் படித்தவனால் சமூகத்துக்கு ஆகும் உதவி பெரும்பாலும் இவ்வளவுதான். மட்டமான ஒன்றுக்கு மரியாதையான ஒரு பெயர் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவான்.

முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. தலைவர் மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போவார். தூங்கி எழுந்து நான்கு மணிக்கு வருவார். அறையை விட்டு வெளியேறும்போது சுவிட்ச் போர்டில் உள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, அணைந்ததா என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். ஒன்று முதல் நான்கு வரை எங்கள் கம்பெனிக்கு உலகத்தோடு ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

"தலைவரே, அந்த ஒரு சுவிட்ச மட்டும் அணைக்காமப் போனீங்கன்னா..." என்று இழுத்துப் பார்த்தேன்.

"ஆளில்லாத ரூமுல கரண்டு எதுக்கு ஓடணும்? இடி கிடி விழுந்தா?"

சுவிட்சுக்குப் பக்கத்தில் "தயவுசெய்து அணைக்க வேண்டாம்" என்று ஒரு சீட்டு ஒட்டினேன். மறுநாள் அதைக் கிழித்து என் மேசையில் வைத்தார். "என் ரூமுல எனக்கே நோட்டீசா?" அத்தோடு என் போராட்டம் முடிந்தது.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? ஒருநாள் காலையில் இணையம் போய்விட்டது. நான் நாட்டின் தொழில்நுட்பம் எங்கே போகிறது என்று குடோன்காரரிடம் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ஆபரேட்டர் எழுந்து வந்து, "சார், காலக் கொஞ்சம் தூக்குங்க," என்றார். என் மேசைக்கு அடியில் குனிந்து போனார். அங்கே ஒட்டடை, பல்லி முட்டை ஓடுகள், யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு காய்ந்த காகிதக் கப். அதற்கெல்லாம் நடுவில் தவழ்ந்து எதையோ செருகிவிட்டு, முழங்கையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். "ஒங்க செல் சார்ஜரு சார். குட்டிப் பொட்டியப் புடுங்கிட்டு இதச் சொருகியிருக்கீங்க." கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. வெறுமனே தகவல். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் கறம்பக்குடிப் பக்கம். காலையில் புதுக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து எங்களுக்கு ஒரு பஸ். சாயங்காலம் திரும்ப இரண்டு. பள்ளிக்கூடம் போகும் மகளைக் காலையில் முழித்த முகமாகப் பார்ப்பதோடு சரி. வேலை ஒப்பந்த அடிப்படை; வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். "பெர்மனன்ட் ஆயிருச்சுன்னா அன்னவாசல்லயே ஒரு வீடு பாத்துருவேன் சார். பிள்ளைய அங்கயே சேத்துருவேன். நாலு பஸ் மிச்சம்," என்று ஒருமுறை சொன்னார். அவர் ஆசைப்பட்டதாக நான் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

சம்பா காப்பீட்டுப் பதிவு தொடங்கிய அன்று தலைவர் கூடத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இந்தா பாரும்மா. இந்தத் தடவ ஒரு ஆளு விடாமப் பதிஞ்சு முடிச்சிட்டேன்னா ஒனக்கு நிரந்தர ஆர்டர் போட்டுர்றேன். ஒன்னு விட்டுப்போனாலும் என்கிட்ட வந்து நிக்காத. அப்பறம், மொதப் பதிவு என்னுதாத்தான் இருக்கணும்."

"சரிங்க தலைவரே. ஒங்க அடங்கல் மட்டும் குடுத்துருங்க," என்றார் அவர். பயிர் இன்னது, நிலம் இன்னது என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதிக் கொடுக்கும் அந்தத் தாள் இல்லாமல் பதிவு ஏறாது.

"வரும், வரும். சொல்லியிருக்கேன்."

தாள் வந்தது. தலைவர் மேசையில் கண்ணாடிக்கு அடியில் போய்ப் படுத்தது. ஆபரேட்டர் நாலைந்து முறை கேட்டார். ஒவ்வொரு முறையும், "எங்க போயிரப் போவுது, நாளைக்குத் தாரேன்," என்று பதில் வந்தது.

அந்த வாரங்களில் மதியம் ஒரு மணிக்கு இணையம் போனதும், ஆபரேட்டர் தன் சாப்பாட்டுப் பையையும் ஒரு கட்டுக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். நான்கு மணிக்குத்தான் இறங்கி வருவார். முகம் வெயிலில் கன்றியிருக்கும். மாடியில் போய்ப் படுத்துத் தூங்குகிறார், அல்லது போனில் கதை பேசுகிறார் என்று நான் நினைத்தேன். யார் எப்போது இடத்தில் இல்லை என்று குறித்துவைக்கும் நோட்டு ஒன்று என் பொறுப்பில் இருந்தது. அதில் என் மணியான கையெழுத்தில், "மதியம் 1 முதல் 4 வரை இருக்கையில் இல்லை" என்று தினமும் எழுதினேன். தலைவரும்தான் அந்த நேரத்தில் இருக்கையில் இல்லை. அதை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

பதிவுக்குக் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் ஐந்து மணியோடு முடியும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் தாழ்வாரம் முழுக்க ஆட்கள். மஞ்சள் பையிலும் பிளாஸ்டிக் கவரிலும் சிட்டா, அடங்கல், ஆதார் நகல். நாற்பது பேர். அடங்கல் கைக்கு வரவே தாமதமானவர்கள். கம்ப்யூட்டரைப் போட்ட ஆபரேட்டர், தலைவர் அறைக் கதவைப் பார்த்தார். பூட்டியிருந்தது. தலைவர் விடிகாலையிலேயே திருமயம் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். முந்தின சாயங்காலம் அணைத்த சுவிட்சுகள் உள்ளே அணைந்தே கிடந்தன. சாவி அவர் இடுப்பில்.

ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் போன் போட்டேன். நாற்பது பேரும் கேட்க, மேளச் சத்தத்துக்கு நடுவே தலைவர் குரல் வந்தது.

"தலைவரே, ரூம் சாவி வேணும். இன்னைக்குக் கடைசி நாளு."

"இப்பத்தானய்யா எலையில உக்காந்தேன். சாயங்காலம் வாரேன்."

"பூட்ட ஒடச்சிரலாமா?"

"ஒடைக்கிறதா? உள்ள சாமி படம் இருக்குய்யா! நான் வந்து தெறக்காம யாரும் காலு வைக்கக் கூடாது."

குடோனிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்து வந்தேன் என்பது உண்மை. அதைக் கதவு வரை கொண்டுபோனேன் என்பதும் உண்மை. பூட்டைப் பார்த்தேன். என் வயதைப் பார்த்தேன். கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். இவ்வளவுக்கும் சாட்சியாக நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஆபரேட்டர் சொன்னார். "சார், மாடியில தண்ணித் தொட்டி ஓரமா சிக்னல் வருது. தெனமும் மதியம் அங்கதான் செல்லுலயே பதிவு பண்ணிக்கிட்டிருக்கேன். ஒரு ஆளுக்கு இருவது நிமிசம் ஆவுது. நாப்பது பேருக்குச் செல்லு தாங்காது. கம்ப்யூட்டர மேல கொண்டுபோயிட்டா செல்லு ஒயரச் சொருகி நெட்டு எடுத்துக்கலாம். தூக்கத்தான் ஆளு வேணும்."

தினமும் மதியம். என் நோட்டும் என் மணியான கையெழுத்தும் கண்முன் வந்து நின்றன. "அப்படியா," என்றேன். ஒரு ஆயுள் முழுக்கப் புத்தகம் படித்தவன் அந்த நேரத்தில் சொன்ன வார்த்தை அது.

வரிசையில் முதலில் நின்ற பெரியவர் தலையில் துண்டைச் சுருட்டி வைத்தார். அவர் எங்கள் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர். கூட்டங்களில் வாயே திறக்காதவர். "அந்த டிவிப் பொட்டியத் தூக்கித் தலையில வைங்கப்பா," என்றார். மானிட்டர் அவர் தலையில் மாடியேறியது. இன்னொருவர் சி.பி.யு.வைக் கைக்குழந்தை போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். மூன்று உர மூட்டைகள் மேசையாயின. மாடிப்படி விளக்கிலிருந்து மின்சாரம் இழுத்தார்கள். திரையில் வெயில் விழாமல் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குடை பிடித்தார்கள்.

"ஆத்தா, என் பேரு அதுல சரியா இருக்கா பாரு. போன தடவ ஒரு எழுத்து முழுங்கிப்புட்டாங்க."

"சரியா இருக்கு தாத்தா. தலைய அசைக்காம நில்லுங்க, போட்டோ எடுக்கணும்."

"கொடைய இங்கிட்டுச் சாய்ப்பா, அந்தப் புள்ள கண்ணு கூசுது."

"என் கைய என்ன ரப்பருன்னு நெனச்சியா? வந்து நீ பிடி, தெரியும்."

நடுவில் அவர் ஒருவர். சுற்றிலும் நாற்பது பேர். ஒவ்வொருவரும் நேராக அவரிடமே வந்து போனார்கள். ஒருவர் வெற்றிலை போட எழுந்து போனாலும் அடுத்தவர் வேலை நிற்கவில்லை. நான் கிழித்துப் போட்ட படம் வெயிலில் உட்கார்ந்து இயங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு இந்த ஒப்புமைதான் தோன்றியது. குடை பிடிக்கத் தோன்றவில்லை.

நான்கரை மணிக்கு நாற்பதாவது பதிவு ஏறியது. ஆபரேட்டர் நிமிர்ந்தார். "சார், தலைவரோட பேப்பரு?"

தொட்டி ஓரத்தில் நின்று மறுபடி போன் போட்டேன்.

"அது என் டேபிள் மேலதான இருக்கு. எடுத்துக்கங்க," என்றார் தலைவர்.

"ரூம் பூட்டியிருக்கு தலைவரே."

"அட, ஆமால்ல," என்றார். "இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன்."

அவர் வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே கால்.

அடுத்த வாரம் இயக்குநர் கூட்டம். தலைவர் பதிவுப் பட்டியலை இரண்டு முறை புரட்டினார். "எல்லாருக்கும் ஆயிருக்கு. எனக்கு மட்டும் ஆகல. மொதப் பதிவு என்னுதுன்னு சொன்னேன். ஒன்னு விட்டாலும் கெடையாதுன்னு சொன்னேன். இல்லையா?" பிறகு என் நோட்டைத் திறந்தார். "இதையும் பாருங்க. மதியம் ஒன்னுலருந்து நாலு சீட்டுல இல்ல. தெனமும் இல்ல. நான் சொல்லல, நம்ம மேனேஜரு எழுதியிருக்காரு."

ஆபரேட்டர் கதவோரம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதல் வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்தப் பெரியவர் பேசிவிட்டார்.

"என்னையும் எழுதிக்கங்க மேனேஜரு. அன்னைக்கு மதியம் நானும் சீட்டுல இல்ல. தலையில பொட்டியத் தூக்கிக்கிட்டு மாடியில நின்னேன்." அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "ஒங்க பேப்பரு ஒங்க பூட்டுக்குள்ள கெடந்தா அந்தப் புள்ள பூட்டுக்குள்ள புகுந்தா வரும்? நாப்பது பேரு நாங்க இருக்கோம். போய் வெளிய கேளுங்க."

அவர் பேசிய பிறகு எனக்கு வீரம் வந்தது. எழுந்தேன். நோட்டில் எழுதியது தப்பு என்றேன். ஒரு மேசையை அணைத்தால் அதற்குப் பிந்தைய மேசைகளெல்லாம் செத்துப்போகும்படி ஒயர் இழுக்கக் கையெழுத்துப் போட்டதும் தப்பு, அதற்குப் "படிநிலை" என்று பெயர் வைத்ததும் நான்தான் என்றேன்.

குடோன்காரர் இதற்காகவே காத்திருந்ததுபோல் சொன்னார். "அன்னைக்கு மூனாவது எடத்துக்கு ஆசப்பட்டப்பத் தெரியலயாக்கும்?"

தலைவரின் முகம் மெல்லத் தெளிந்தது. "பாத்தீங்களா, மேனேஜரே ஒத்துக்கிட்டாரு. எனக்கென்ன தெரியும், படிச்சவரு சொன்னாருன்னு விட்டேன்." மொத்தத் தப்பும் அவர் அறையிலிருந்து கிளம்பி, செயலாளரை ஒன்றும் செய்யாமல், மூன்றாவது மேசையில் வந்து நின்றது. எங்கள் நெட்வொர்க் அவ்வளவு சரியாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. முகம் காப்பாற்றப்பட்டதும் தலைவருக்குத் தாராளம் வந்துவிட்டது. அங்கேயே நிரந்தர ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ. அதையும் எழுத வேறு ஆள் இல்லாததால் நானே எழுதி, நானே வாங்கிக்கொண்டேன்.

நட்சத்திர அமைப்புக்கும் ஒப்புக்கொண்டார்கள். அதே ஒயர்க்காரர் வந்து கூடத்து நடுச் சுவரில் பதினாறு துளை உள்ள பெட்டியை மாட்டினார். தலைவர் கிட்டே போய்ப் பார்த்தார். துளைகளுக்கு மேலே சின்ன எழுத்தில் எண்கள் இருந்தன.

"ஒன்னாம் நம்பர் எனக்கு."

"எதுல சொருகினாலும் ஒன்னுதான் தலைவரே, எல்லாத்துலயும் ஒரே வேகம்," என்றேன்.

"அப்படின்னா எனக்கு ஒன்னுல சொருகுறதுல என்ன கஷ்டம்?"

ஒயர்க்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இரண்டாம் எண் செயலாளருக்கு. மூன்றைக் குடோன்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார்; மெமோ வாங்கியவன் எதிர்த்துப் பேச முடியுமா? எனக்கு நான்கு. "அந்தப் பொண்ணு ஒயர ஒட்டினாப்புல சொருகாதீங்க. நாலு எடம் விட்டுச் சொருகுங்க," என்றார் தலைவர். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு காலி. ஆபரேட்டருடையது ஒன்பதில் செருகப்பட்டது.

மறுவாரம் ஆபரேட்டர் அன்னவாசலிலிருந்து வேலைக்கு வந்தார். அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, முகத்தில் பவுடர் கலையாமல் உட்கார்ந்திருந்தார். இந்தத் துளை விவகாரத்தை நான் மன்னிப்புக் கேட்கிற தொனியில் அவரிடம் சொன்னேன். காலி விட்டதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது.

"லைட்டு எரியுதுல்ல சார்?"

"எரியுது."

"அப்பறம் என்ன?" என்று திரும்பிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

அவருக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை. தினமும் காலையில் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்க்கிறேன். பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்குகின்றன. என் கண் நேராக மூன்றாம் எண்ணுக்குப் போகிறது. அங்கே குடோன்காரரின் ஒயர்.